பத்து பவுண்டுக்கு ஒரு வெயில் தேசம்

இன்னைக்குக் கதை ஒரு பயங்கரமான குளிர்காலத்துல ஆரம்பிக்குது.

1947 ஜனவரிக் கடைசி. பிரிட்டன் முழுக்கப் பனி கொட்டுகிறது. ரயில் பாதைகள் மூடிக்கிடப்பதால் நிலக்கரி நகரவில்லை. நிலக்கரி இல்லாததால் மின்சாரம் இல்லை, தொழிற்சாலைகள் மூடல், வீட்டில் கணப்பு இல்லை. இது கிட்டத்தட்ட மார்ச் வரைக்கும் நீடித்தது. இதுல வேடிக்கை என்னன்னா, இவங்க போர்ல ஜெயிச்ச நாடு. உலகப் போர் நடந்தபோதுகூட ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. போர் முடிந்த பிறகு, 1946-ல்தான் ரொட்டியையே ரேஷனில் கொண்டுவந்தார்கள். இறைச்சி ரேஷன் முழுசாக முடிய 1954 ஆகிவிட்டது. குண்டுவீச்சில் வீடுகள் போனதால், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாமியார் வீட்டு ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்துல உங்க கண்ணுக்கு ஒரு விளம்பரம் படுது. நீல வானம், கடற்கரை, சிரிக்கிற குடும்பம், தோட்டத்தோட தனி வீடு. ஆஸ்திரேலியா வாங்க. டிக்கெட் விலை பெரியவங்களுக்கு 10 பவுண்ட். குழந்தைகளுக்கு இலவசம்.

10 பவுண்ட் என்பது அன்றைக்கு ஒரு தொழிலாளியின் ஓரிரு வாரச் சம்பளம். அதைக் கட்டிவிட்டு உலகத்தின் மறுமுனைக்குப் போகலாம். 1945-க்கும் 1972-க்கும் இடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பத்து பவுண்ட் டிக்கெட்டில் போனவர்கள். 'டென் பவுண்ட் பொம்ஸ்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. 'பொம்' என்பது இங்கிலீஷ்காரர்களை ஆஸ்திரேலியர்கள் கிண்டலாகக் கூப்பிடும் சொல்.

நான் ஏன் இந்தக் கதையை எடுத்தேன்னா, நம்ம ஒவ்வொருத்தர் நண்பர் வட்டத்துலயும் பி.ஆர். அப்ளை பண்ணிட்டு பாயிண்ட்ஸ் எண்ணிட்டிருக்கிற ஒருத்தராவது இருப்பாங்க. அவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். போனா, நினைச்ச மாதிரி இருக்குமா? தனி ஆளா யோசிச்சா அதுக்குப் பதில் கிடைக்காது. ஆனா அதே கேள்வியோட பத்து லட்சம் பேர் போயிருக்காங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கலாம், வாங்க.

ஆள் வேணும், ஆனா எந்த ஆள்?

ஆஸ்திரேலியா இவ்வளவு தாராளமாக இருந்ததற்குக் காரணம் பயம். போர் முடிந்தபோது ஒரு கண்டம் அளவுக்கு நிலம், அதில் சுமார் எழுபது லட்சம் மக்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான் விமானங்கள் டார்வின் நகரத்தின் மீது குண்டு போட்டன. 'ஆட்களால் நிரப்பு, இல்லையென்றால் அழிந்துபோவோம்' என்பது அந்தக் காலத்து முழக்கம். நாட்டின் முதல் குடியேற்றத் துறை அமைச்சர் ஆர்தர் கால்வெல். வருகிற ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் பத்து பிரிட்டிஷ்காரர்கள் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாது, தோலும் வெள்ளையா இருக்கணும். அது 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை நடப்பில் இருந்த காலம். 1947 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து சில நூறு ஆங்கிலோ இந்தியர்கள் ஒரு கப்பலில் பெர்த் பக்கம் போய் இறங்கினார்கள். அவர்களில் பலருடைய நிறம் எதிர்பார்த்தபடி இல்லை என்று சலசலப்பு எழுந்தது. அதற்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். இனம் பார்த்து ஆள் எடுப்பதை அரசு முழுசாகக் கைவிட்டது 1973-ல்தான். அதனால இந்தக் கதையில வர்ற வெயில் எல்லாருக்கும் பொதுவானது இல்ல. அதே வெயிலுக்கு ஆசைப்பட்டு, வாசலோட திருப்பி அனுப்பப்பட்டவங்களும் உண்டு.

கப்பலும் கொட்டகையும்

திட்டத்தின் முதல் கப்பலான ஆர்மண்ட் 1947 அக்டோபரில் லண்டனுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது. பயணம் ஐந்து, ஆறு வாரம். சூயஸ் கால்வாய், ஏடன், கொழும்பு என்று நின்று நின்று போகும் வழி அது. நிறைய பேருக்குக் கொழும்புத் துறைமுகம்தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த ஆசிய ஊர். பிற்காலத்தில் அவர்களோடு பேசிப் பதிவு செய்த நேர்காணல்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கப்பல் பயணம்தான் பலருக்கு வாழ்நாளின் முதல் விடுமுறை. நேரத்துக்கு மூன்று வேளை சாப்பாடு, நீச்சல் குளம், வேலை கிடையாது.

கப்பலில் இருந்து இறங்கிய பிறகுதான் விஷயமே.

உறவினரோ வேலை தருபவரோ அழைக்காமல் தானாக வந்தவர்களை அரசாங்க ஹாஸ்டலில் தங்க வைத்தார்கள். ஹாஸ்டல் என்றதும் கட்டடம் என்று நினைத்துவிடாதீங்க. பெரும்பாலும் ராணுவம் பயன்படுத்திய அரைவட்டத் தகரக் கொட்டகைகள். நடுவில் ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கழிப்பறை பொது, குளியலறை பொது, சாப்பாட்டுக் கூடம் பொது. சாப்பாடு என்றால் ஆட்டிறைச்சி, மறுநாளும் ஆட்டிறைச்சி. கோடையில் தகரம் கொதித்தது, குளிர்காலத்தில் விறைத்தது. ஆமாங்க, ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலம் உண்டு. விளம்பரத்தில்தான் இல்லை. 1952-ல் ஹாஸ்டல் கட்டணத்தை உயர்த்தியபோது பிரிட்டிஷ் குடியேறிகள் கட்டணம் கட்ட மறுத்துப் போராடினார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது எரிச்சல். அரசாங்கக் காசில் வந்துவிட்டுக் குறை வேறு சொல்கிறார்களா? 'புலம்புற பொம்' என்ற வசை இந்தக் காலத்தில்தான் ஊர் ஊராகப் பரவியது. இதோட விளைவு என்ன தெரியுமா? கஷ்டத்தை வெளியில சொல்ல முடியாமப் போச்சு. இத்தாலிக்காரரும் கிரேக்கரும் மொழி தெரியாம தவிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சது. இங்கிலீஷ் பேசுற, வெள்ளைத் தோல் இருக்கிற ஆளுக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும்? ஜேம்ஸ் ஹாமர்டன், அலிஸ்டர் தாம்சன் என்று இரண்டு வரலாற்றாசிரியர்கள் இவர்களைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதன் துணைத்தலைப்பிலேயே இவர்களைக் 'கண்ணுக்குத் தெரியாத குடியேறிகள்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

வெயில் ஏமாத்தலை

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். விளம்பரம் பொய்யா?

என் பதில்: இல்லை. வெயில் இருந்தது. கடற்கரை இருந்தது. 1950-களிலும் 60-களிலும் வேலையும் தாராளமாகக் கிடைத்தது. அடிலெய்டுக்கு வடக்கே 1955-ல் எலிசபெத் என்று ராணியின் பெயரில் ஒரு புது நகரத்தையே உருவாக்கினார்கள். அங்கே ஹோல்டன் கார் தொழிற்சாலை, வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு பிரிட்டிஷ் குடும்பங்கள். லண்டனிலோ கிளாஸ்கோவிலோ சொந்த வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒரு வெல்டரால் இங்கே அதை எட்ட முடிந்தது.

வெயில் சில பேருக்கு மருந்தாகவே இருந்தது. வேல்ஸில் பேரி என்ற ஊரில் ஒரு சிறுமிக்கு நுரையீரல் தொற்று. வெப்பமான ஊருக்குப் போனால் நல்லது என்று ஆலோசனை சொல்கிறார்கள். 1966-ல் அந்தக் குடும்பம் அடிலெய்டுக்கு வருகிறது. அப்பா மனநலச் செவிலியராக வேலைக்குச் சேர்கிறார். அந்தச் சிறுமி ஜூலியா கில்லார்ட், 2010-ல் ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமர் ஆனார். இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

ஆனா அதே எலிசபெத் நகரத்துக்கு 1962-ல் கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பையன் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பெரிய ராக் பாடகர் ஆனார், பெயர் ஜிம்மி பார்ன்ஸ். தன் சிறுவயதைப் பற்றி அவர் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது குடியும் அடிதடியும் வறுமையும் பயமும்தான். கிளாஸ்கோ வீட்டில் இருந்த பிரச்சினை எல்லாம் அதே கப்பலில் ஏறிக் கூடவே வந்துவிட்டது. வெயில் நுரையீரலுக்கு நல்லது செய்யலாம். அப்பாவோட குடியை அது நிறுத்தாது.

கால்வாசிப் பேர் ஏன் திரும்பினாங்க?

வந்தவர்களில் ஏறக்குறைய கால் பங்கு பேர் பிரிட்டனுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். சுலபமாக இல்லை. இரண்டு வருடம் தங்கியே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு முன்னால் கிளம்பினால், அரசு கட்டிய பயணச் செலவைத் திருப்பித் தர வேண்டும். திரும்பிப் போகும் கப்பல் டிக்கெட்டும் சொந்தச் செலவு, குறைந்தது 120 பவுண்ட். வருவதற்குப் பத்து, போவதற்கு 120. நாலு பேர் குடும்பமாக இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இவ்வளவு செலவு பண்ணித் திரும்பினாங்கன்னா வேலை கிடைக்காம போயிருக்கும், தோத்துப் போயிருப்பாங்கன்னுதான் நாம நினைப்போம். ஹாமர்டனும் தாம்சனும் திரட்டிய நேர்காணல்களும் கடிதங்களும் வேறு கதை சொல்கின்றன. திரும்பியவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பணம் முதல் காரணம் இல்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பா இறந்துவிட்டார், அம்மா தனியாக இருக்கிறார். கணவனுக்கு இந்த ஊர் ஒட்டிவிட்டது, மனைவிக்கு ஒட்டவில்லை. பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த மனைவியோட பக்கத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கணவனுக்குத் தொழிற்சாலையில் நண்பர்கள் கிடைத்தார்கள், வேலை முடிந்து பப்புக்குப் போக ஆள் கிடைத்தது. மனைவிக்கு ஒரு புதுக் குடியிருப்பு, இன்னும் போடாத சாலை, எப்பவோ ஒரு பஸ், இடுப்பில் ஒரு குழந்தை. பிரிட்டனில் அம்மா அடுத்த தெருவில் இருந்தார், அக்கா மதியம் டீக்கு வருவார். இங்கே அம்மாவிடமிருந்து கடிதம் வரும். தொலைபேசிக் கட்டணம் அவ்வளவு அதிகம் என்பதால் ஊருக்குப் பேசுவதெல்லாம் பிறந்தநாளுக்கோ துக்கச் செய்திக்கோதான். வெளியில் வெயில் அருமையாக இருக்கிறது, அதைச் சேர்ந்து அனுபவிக்க ஆள் இல்லை.

நடிகர் ஹியூ ஜாக்மேன் தெரியும் இல்லையா, நம்ம வுல்வரின்? அவருடைய பெற்றோர் 1967-ல் இதே பத்து பவுண்ட் டிக்கெட்டில் வந்தவர்கள். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். மகன் அப்பாவோடு சிட்னியில் வளர்ந்தார். பிற்காலத்தில் அம்மாவும் மகனும் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆனாலும் ஒரு குடும்பம் இரண்டு கண்டத்தில் கிடந்ததற்கான விலையைக் குழந்தைகளும் சேர்ந்துதான் கொடுத்தார்கள்.

பூமராங்

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

திரும்பிப் போன கால் பங்கில் ஏறக்குறைய பாதிப் பேர் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள்! 'பூமராங் பொம்ஸ்' என்று இவர்களுக்குத் தனிப் பெயர். அடிலெய்டில் உட்கார்ந்து அவர்கள் ஏங்கிய ஊர் ஒன்று இருந்தது. அந்தத் தெரு, அந்தப் பப், அந்த அக்கா. போய்ப் பார்த்தால் தெருவை இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அக்கா வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். பழைய நண்பர்கள் இரண்டு நாள் ஆஸ்திரேலியக் கதை கேட்டார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அப்புறம் பழையபடி அந்தச் சாம்பல் நிற வானம், அந்த நவம்பர் மழை. ஆறு மாதத்தில் இப்போது ஆஸ்திரேலியாவுக்கு ஏக்கம் வந்துவிடுகிறது.

முதல் தடவை அவங்களை ஏமாத்தினது புது ஊர் பத்தின கற்பனைன்னு வச்சுக்கிட்டா, ரெண்டாவது தடவை ஏமாத்தினது பழைய ஊர் பத்தின நினைவு. புது நாட்டை நாம ஒரு விளம்பரத்தோட ஒப்பிடறோம். சொந்த ஊரை நாம கிளம்பின அன்னிக்கு இருந்த ஊரோட ஒப்பிடறோம். அந்த ரெண்டு ஊருக்குமே டிக்கெட் கிடைக்காது.

குழந்தைகளின் வெயில்

அப்போ யாருக்குத்தான் இது முழுசாகப் பலித்தது? பெரும்பாலும் குழந்தைகளுக்கு.

1962-63 குளிர்காலம் பிரிட்டன் வரலாற்றிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. அதில் வெறுத்துப்போய் 1963-ல் கிளாஸ்கோவிலிருந்து யங் குடும்பம் சிட்னிக்கு வந்து வில்லவுட் ஹாஸ்டலில் இறங்கியது. மூத்த பையன்களில் ஒருவரான ஜார்ஜ், ஹாஸ்டலில் சந்தித்த டச்சு, இங்கிலீஷ் பையன்களோடு சேர்ந்து ஈஸிபீட்ஸ் என்ற இசைக்குழுவை ஆரம்பித்தார். அவருடைய தம்பிகள் மால்கமும் ஆங்கஸும் 1973-ல் ஆரம்பித்த குழுவின் பெயர் ஏசி டிசி. பெற்றோருக்குத் தகரக் கொட்டகையாக இருந்தது பிள்ளைகளுக்கு ஜாம்மிங் செய்யும் இடமாக இருந்தது.

அந்த வெயிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தோல் புற்றுநோய் அதிகமாக வரும் நாடுகளில் ஆஸ்திரேலியா முன்வரிசையில் நிற்கிறது. சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்று ஒரு கார்ட்டூன் கடற்பறவை ஆடிப்பாடும் விளம்பரத்தை 1981-ல் வெளியிட்டார்கள். குடியேறியவர்களில் பெரியவர்களாக வந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. சின்ன வயதில் வந்தவர்களுக்கு ஏறக்குறைய அங்கேயே பிறந்தவர்கள் அளவுக்கு ஆபத்து. நாடு பிள்ளைகளுக்குத்தான் சொந்தமாச்சு, அதோட நல்லதும் கெட்டதும் சேர்த்து.

அந்த வில்லவுட் ஹாஸ்டல் இடத்துக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லணும். 1970-களில் அதன் ஒரு பகுதி குடியேற்றத் தடுப்பு முகாம் ஆனது. இலங்கையிலிருந்து படகில் போன தமிழ் அகதிகள் சிலரை அங்கேதான் வருடக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஒரு தலைமுறைக்கு 10 பவுண்டில் வரவேற்பு கொடுத்த அதே இடத்தில் இன்னொரு தலைமுறைக்கு வேலி. வெயில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் அடித்திருக்கும்.

நமக்கு இதுல என்ன?

சென்னையில இருக்கிற உங்களுக்கு வெயிலைக் காட்டி ஆசை காட்ட முடியாது. மே மாசத்துல நாம வேண்டாம்னு கெஞ்சுற சமாச்சாரம் அது. ஆனா நமக்கும் ஒரு 'வெயில்' இருக்கு. குழியில்லாத நடைபாதை, அஞ்சு மணிக்கு முடியற ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்குப் பயமில்லாம வீட்டுக்குத் திரும்பற பொண்ணு, எந்தத் தெரு, என்ன ஆளுங்கன்னு கேக்காத வீட்டு ஓனர். இதெல்லாம் பொய் இல்ல, அங்க இருக்கறதுதான். 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏறக்குறைய 95,000 பேர். அத்தனை பேரும் ஏமாந்து போனவங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

பத்து பவுண்ட் கதையில் இருந்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, விளம்பரத்துல இருக்கறது உண்மையான்னு கேக்கறது பாதிக் கேள்விதான். விளம்பரத்துல இல்லாதது என்னன்னும் கேக்கணும். அம்மாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க? கூட வர்றவருக்கு அங்க சொந்தமா ஒரு நாள் இருக்குமா, இல்ல உங்க ஷிஃப்ட் முடியற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துட்டு உக்காரணுமா? வீடியோ கால் வந்துடுச்சு, உண்மைதான். வீடியோ காலில் கஷாயம் வச்சுக் கொடுக்க முடியாது.

இன்னொண்ணு, திரும்பி வர்றதைப் பத்தி. நம்ம ஊர்ல யாராவது வெளிநாட்டுல இருந்து ஒரேடியா வந்துட்டா உடனே "அங்க ஏதோ சரியா அமையலை போல"ன்னு ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே ஒட்டாத ஊர்ல வருஷக்கணக்கா இருக்கறவங்க உண்டு. 120 பவுண்ட் கட்டித் திரும்பிப் போன பிரிட்டிஷ்காரர்களில் பலர், வயதான காலத்தில், அந்த ஆஸ்திரேலிய வருடங்கள்தான் தங்கள் வாழ்க்கையின் சிறந்த காலம் என்று நினைவுகூர்ந்திருக்கிறார்கள். போனதற்காகவும் வருத்தப்படவில்லை, வந்ததற்காகவும் வருத்தப்படவில்லை.

உங்க வீட்டுலயோ நண்பர்கள் மத்தியிலயோ இப்படிப் போய்ட்டுத் திரும்பி வந்தவங்க இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. ஏன் வந்தேன்னு கேக்காம, அங்க எப்படி இருந்ததுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட சந்திப்போம்.